பிரட்டில் சர்க்கரை எதற்கு? ஈஸ்டுக்குத் தேவையா, எந்த அளவுக்குக் குறைக்கலாம்?

ஞாயிறு_அடுப்பு கேட்டது:

கடை பிரட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் மைதாவுக்கு அடுத்தபடி சர்க்கரைதான் நிற்கிறது. கோதுமை பிரட் என்று விற்பதிலும் அதே கதை. வீட்டில் செய்வதற்கு இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளிலும் அரை கிலோ மாவுக்கு இரண்டு, மூன்று டேபிள்ஸ்பூன் சர்க்கரை போடச் சொல்கிறார்கள். "ஈஸ்ட் வேலை செய்ய சர்க்கரை வேண்டும்" என்பதுதான் எல்லோரும் தரும் காரணம்.

வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர் காலையில் பிரட் சாப்பிடுவார். அதனால் சர்க்கரையே போடாமல் செய்கிறேன். அளவு இது: மைதா 500 கிராம், தண்ணீர் 300, உப்பு 8, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7, எண்ணெய் 20. ஓ.டி.ஜி. என்ற சிறு மின் ஓவனில் 180 டிகிரி, 35 நிமிடம். மாவு நன்றாகவே உப்புகிறது. ஆனால் வெந்த பிரட் வெளிறிப் போய் இருக்கிறது, மேல் தோல் தடிப்பாக, கடிக்க முடியாமல் வருகிறது, மறுநாள் காலையில் உள்ளே உதிர்கிறது.

சர்க்கரை இல்லாததால்தான் இப்படியா? சர்க்கரை சேர்க்காமலே நிறமும் மென்மையும் வர வழி உண்டா? கடை பிரட்டில் உண்மையில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மாவும்_உப்பும்:

முதலில் ஈஸ்ட் விஷயம். ஈஸ்டுக்கு நாம் சர்க்கரை போட வேண்டியதே இல்லை. மாவிலேயே 1 முதல் 2 சதவீதம் கரையும் சர்க்கரை இருக்கிறது. அது தீரும்போது, ஆலையில் அரைபடுகையில் உடைந்த ஸ்டார்ச் துகள்களை மாவில் இருக்கும் அமிலேஸ் என்ற நொதி மால்டோஸ் என்ற சர்க்கரையாக வெட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஈஸ்ட் அதைச் சாப்பிட்டு வாயு விடும். பிரான்சில் 1993-இல் வந்த அரசாணைப்படி 'பாரம்பரிய பிரெஞ்சு ரொட்டி' என்று விற்க வேண்டுமானால் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளிமா (முன்பே புளிக்கவைத்த மாவு) ஆகியவைதான் அடிப்படை. சிறிதளவு பயறு மாவும் மால்ட் (முளைகட்டிய தானிய) மாவும் சேர்க்க மட்டும் அனுமதி உண்டு. சர்க்கரைக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. அந்த ரொட்டி உப்பாமலா போகிறது?

சர்க்கரை போட்டால் தொடக்கம் வேகமாக இருக்கும் என்பது உண்மை. போட்ட சர்க்கரையை ஈஸ்ட் சில நிமிடங்களிலேயே குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று பிளந்து உடனே எடுத்துக்கொள்கிறது. மால்டோஸைச் சாப்பிடப் பழக அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். வித்தியாசம் அவ்வளவே. ஆக்டிவ் டிரை ஈஸ்ட் வாங்கினால் 38 முதல் 43 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறினால் போதும். அதில் போடும் ஒரு சிட்டிகை சர்க்கரை ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கான சோதனை மட்டுமே. இன்ஸ்டன்ட் ஈஸ்டுக்கு அதுவும் வேண்டாம், நேராக மாவில் கலக்கலாம்.

உங்கள் பிரட் வெளிறி, தடித்து, உதிர்வதற்குக் காரணம் மூன்று. சர்க்கரை இல்லாதது அதில் ஒரு பாதிதான்.

ஈஸ்ட் அதிகம். 500 கிராமுக்கு 7 கிராம் என்பது குளிர் நாட்டுச் செய்முறைகளில் வரும் அளவு. நம் ஊரில் அறையே 31, 32 டிகிரியில் இருக்கும்போது அவ்வளவு ஈஸ்ட், மாவில் இருக்கும் சர்க்கரை முழுவதையும் தின்று தீர்த்துவிடும். ஓவனுக்குள் போகும்போது சிவக்க எதுவும் மிச்சம் இருக்காது. வெளிறிய பிரட்டில் லேசாகச் சாராய வாசமோ புளித்த வாசமோ வந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். 3 கிராம் போதும்.

ஓவன் சூடு குறைவு. மேல் தோல் சிவக்க அதன் பரப்பு 140, 150 டிகிரியைத் தொட வேண்டும். சர்க்கரை நிறைய இருந்தால் 180-இல் வைத்தாலும் சீக்கிரம் சிவந்துவிடும். சர்க்கரை இல்லாத மாவை 180-இல் வைத்தால் நிறம் வரட்டும் என்று காத்திருப்பீர்கள், அதற்குள் ஈரம் எல்லாம் வெளியேறித் தோல் தடித்துப்போகும். உங்கள் இரண்டு குறைகளும் இந்த ஒரே இடத்திலிருந்து வருகின்றன. 220 டிகிரியில் 20 நிமிடம் வெறும் ஓவனைச் சுட வையுங்கள். பிரட்டை வைத்து 10 நிமிடம் 220, பிறகு 200-க்குக் குறைத்து 18 முதல் 20 நிமிடம். நடுவில் தெர்மாமீட்டர் குத்தினால் 94 முதல் 96 டிகிரி காட்ட வேண்டும். ஓ.டி.ஜி. குமிழில் 220 என்று இருந்தாலும் உள்ளே அவ்வளவு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உள்ளே தொங்கவிடும் சிறிய ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

தண்ணீர் போதவில்லை. சர்க்கரையும் மாவைத் தளர்த்தும் பொருள். செய்முறையிலிருந்து 30 கிராம் சர்க்கரையை எடுத்தால் 10 முதல் 15 கிராம் தண்ணீராவது கூட்ட வேண்டும்.

சர்க்கரை போடாமல் மென்மை வர நான் பரிந்துரைக்கும் அளவு:

மைதா 500 கிராம். அதில் 25 கிராமை எடுத்து 125 கிராம் பாலில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக் கூழ் காய்ச்சுங்கள். 65 டிகிரி வந்ததும், கரண்டி இழுத்த தடம் நிற்கும் பதத்தில் இறக்கி நன்றாக ஆறவிடுங்கள். மிச்சம் 475 கிராம் மாவு, காய்ச்சி ஆறிய பால் 100 கிராம், தண்ணீர் 110, உப்பு 9, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3, எண்ணெய் அல்லது வெண்ணெய் 15. எல்லாம் சேர்த்து, இழுத்தால் கிழியாமல் மெல்லிய சவ்வு போல விரியும் வரை பிசையுங்கள்.

கூழ் காய்ச்சுவதற்குக் காரணம் உண்டு. வெந்த ஸ்டார்ச் தன் எடையைப் போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், பிரட் சுடும்போதும் விடாது. சர்க்கரை தரும் ஈரப்பிடிப்பை இதுவே தந்துவிடும். அதோடு, வெந்த ஸ்டார்ச்சை அமிலேஸ் எளிதாக வெட்டும் என்பதால் நாக்கில் ஒரு மெல்லிய இனிப்பும் தெரியும்.

பால் எதற்கு என்றால், பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையை பிரட் ஈஸ்டால் சாப்பிட முடியாது. மாவு எத்தனை மணி நேரம் புளித்தாலும் அது அப்படியே இருந்து ஓவனில் நிறம் தரும். மேலே உள்ள 225 கிராம் பாலில் ஏறக்குறைய 10 கிராம் லாக்டோஸ். 30 கிராம் துண்டு ஒன்றுக்கு அரை கிராம்கூட வராது. பச்சைப் பாலை அப்படியே ஊற்றினால் அதிலுள்ள மோர்ப்புரதம் மாவின் பிடிப்பைத் தளர்த்தும். காய்ச்சிய பாலில் அந்தத் தொல்லை குறைவு. நம் வீடுகளில் பாலைக் காய்ச்சாமல் எடுப்பதில்லை, அது இங்கே நல்லதாகப் போயிற்று.

பிசைந்து முடித்த மாவின் வெப்பநிலை 26 டிகிரியில் நிற்க வேண்டும். கணக்கு எளிது: 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து அறைச் சூடு 32, பிசையும் முன் உலர்ந்த மாவின் சூடு 31, கையால் பிசைவதால் ஏறும் 2 ஆகியவற்றைக் கழித்தால் 13. ஊற்றும் பாலும் தண்ணீரும் 13 டிகிரியில் இருக்க வேண்டும் என்று பொருள், அதாவது ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தது. மிக்சரில் பிசைந்தால் சூடு இன்னும் ஏறும், ஐஸ் கட்டி போடுங்கள்.

முதல் உப்பல் 60 முதல் 75 நிமிடம், இரட்டிப்பானதும் நிறுத்துங்கள். இந்த அளவுக்கு ஏறக்குறைய 860 கிராம் பிசைந்த மாவு கிடைக்கும். எட்டுக்கு நான்கு அங்குல டின் இரண்டுக்குச் சரியாகப் பிரியும். டின்னில் விளிம்புக்கு ஒரு விரல் மேலே வந்ததும் ஓவனுக்குள் போகட்டும். மாவில் விரலை அழுத்தினால் பள்ளம் மெதுவாகப் பாதி மட்டும் திரும்ப வேண்டும். திரும்பவே இல்லை என்றால் நேரம் கடந்துவிட்டது. அன்றைக்கு நிறமும் வராது, மேல்புறமும் அமுங்கும்.

பேக்கரி_மேசை:

மேலே சொன்னது வீட்டுக்குச் சரி. கடைகள் ஏன் சர்க்கரை போடுகின்றன என்பதையும் பேச வேண்டும், ஏனென்றால் அது வெறும் இனிப்புக்காக இல்லை.

எல்லாக் கணக்கும் மாவை 100 என்று வைத்துத்தான். சாண்ட்விச் பிரட்டில் மாவு 100-க்குச் சர்க்கரை 4 முதல் 8 வரை போகும். சால்ட் பிரட் என்று தனியாகப் போடும் கடைகளில் 1 முதல் 3. ஸ்வீட் பிரட், மில்க் பிரட் 10-க்கு மேல். பன் என்றால் 15 முதல் 20. இவை பொதுவான வரம்புகள், கடைக்குக் கடை மாறும்.

கடையில் மாவு பிசைந்ததிலிருந்து ஓவனுக்குள் போகும் வரை மூன்று மணி நேரம்தான் கிடைக்கும். அந்த அவசரத்தில் ஈஸ்டுக்கு உடனே தீனி வேண்டும். அடுத்தது, மாவு காத்திருக்க நேரிடும். மின்சாரம் போகும், ஓவன் காலியாகாது, ஒரு தட்டு முன்னே போனால் இன்னொரு தட்டு அரை மணி நேரம் கழித்துப் போகும். மாவில் ஈஸ்ட் தின்றது போகச் சர்க்கரை மிச்சம் இருந்தால் இரண்டு தட்டும் ஒரே நிறத்தில் வரும். மிச்சம் இல்லாவிட்டால் ஒன்று சிவப்பாகவும் ஒன்று வெளுப்பாகவும் வரும், வெளுத்ததை யாரும் வாங்க மாட்டார்கள். மூன்றாவது, பாக்கெட்டில் நான்கு ஐந்து நாள் மென்மையாக இருக்க வேண்டும். சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஸ்டார்ச் இறுகுவதையும் தாமதப்படுத்தும். பூஞ்சையைத் தடுப்பது சர்க்கரை இல்லை, அந்த வேலை கால்சியம் புரோப்பியனேட்டுடையது, லேபிளில் ஐ.என்.எஸ். 282 என்று (உணவுச் சேர்பொருள் எண்) இருக்கும். ஜாமில் இருக்கும் அளவு சர்க்கரை இருந்தால்தான் பூஞ்சை தள்ளி நிற்கும். பிரட்டில் இருக்கும் அளவு அதற்குக் காணவே காணாது.

சர்க்கரை கூடக் கூட ஈஸ்ட் வேகமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். மாவில் 5 சதவீதத்தைத் தாண்டியதும் அது ஈஸ்டின் உடலிலிருந்து தண்ணீரை இழுக்கத் தொடங்கும், வேகம் குறையும். 10-ஐத் தாண்டினால் நன்றாகவே தெரியும். பன் மாவுக்கு அதனால்தான் ஈஸ்டைக் கூட்டுகிறோம், அல்லது இனிப்பு மாவுக்கென்றே வரும் ஈஸ்டை வாங்குகிறோம். உப்பையும் ஒன்றேகால் சதவீதத்துக்குக் குறைப்போம், அதுவும் ஈஸ்டை அதே வழியில் இழுத்துப் பிடிக்கும் என்பதால். வீட்டில் பன் செய்து "உப்பவே இல்லை" என்பவர்கள் ஈஸ்ட் பாக்கெட்டைக் குறை சொல்வதற்கு முன் சர்க்கரையை எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

போட்ட சர்க்கரை அவ்வளவும் பிரட்டில் மிச்சம் இருப்பதில்லை. புளிக்கும்போது மாவு எடையில் ஏறக்குறைய 2 முதல் 3 சதவீதத்தை ஈஸ்ட் தின்றுவிடும். 100 கிராம் மாவுக்கு 8 கிராம் போட்டால் 5, 6 மிஞ்சும். அந்த 100 கிராம் மாவு வெந்து ஏறக்குறைய 155 கிராம் பிரட் ஆகும். அதாவது 100 கிராம் பிரட்டில் மூன்றரை கிராம், ஒரு துண்டில் 1 கிராம். பன்னில் 15 போட்டால் கணக்கே வேறு: 60 கிராம் பன் ஒன்றில் நாலரை கிராமுக்கு மேல், ஒரு டீஸ்பூனைத் தாண்டும். டீக்கடையில் டீயோடு பன் சாப்பிடுபவர் டீயில் மட்டும் சர்க்கரையைக் குறைத்தால் போதாது.

லேபிள்_வாசகர்:

கடை பிரட்டில் எவ்வளவு என்பதற்கு இரண்டு வழி.

2020-இல் வந்த எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லேபிள் விதிகளின்படி சத்து அட்டவணையில் மொத்தச் சர்க்கரை ஒரு வரி, சேர்த்த சர்க்கரை ஒரு வரி என இரண்டும் 100 கிராமுக்கு எவ்வளவு என்று இருக்க வேண்டும். பாருங்கள், சர்க்கரை சேர்க்காத பிரட்டிலும் மொத்தச் சர்க்கரை பூஜ்யமாக இருக்காது. மாவிலிருந்து வந்த மால்டோஸும், பால் சேர்த்திருந்தால் லாக்டோஸும் அந்த வரியில் சேரும். அதனால் பார்க்க வேண்டியது இரண்டாவது வரி. அடுத்து ஒரு துண்டின் எடை. பாக்கெட் எடையைத் துண்டு எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 25 முதல் 30 கிராமுக்குள் வரும்.

அட்டவணை இல்லாத அல்லது நம்ப முடியாத பாக்கெட்டில் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எடை அதிகமானது முதலில், குறைவானது கடைசியில் என்ற வரிசையில்தான் எழுத வேண்டும். பிரட்டில் உப்பு பெரும்பாலும் மாவில் 2 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், அதற்கு மேல் போட்டால் வாயில் வைக்க முடியாது. ஆக உப்புதான் உங்கள் அளவுகோல். சர்க்கரை உப்புக்குப் பின்னால் வந்தால் 2 சதவீதத்துக்குள். உப்புக்கு முன்னால் வந்தால் அதற்கு மேல். ஈஸ்ட், எண்ணெய், குளூட்டன் (கோதுமைப் புரதம்) எல்லாவற்றையும் தாண்டி மாவுக்கு அடுத்தே சர்க்கரை நின்றால் அது இனிப்பு பிரட் என்றே வைத்துக்கொள்ளலாம்.

வரிசையில் ஏமாற இடம் உண்டு. சர்க்கரை, லிக்விட் குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், தேன், வெல்லம் என்று தனித்தனியாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே போய்விடும். கூட்டிப் பாருங்கள்.

'குறைந்த சர்க்கரை' என்று போட 100 கிராமுக்கு 5 கிராமுக்கு மிகாமல் இருந்தால் போதும். சாதாரண சாண்ட்விச் பிரட்டே அதற்குள் வந்துவிடக்கூடும், அதனால் அந்த வாசகத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க நியாயம் இல்லை. 'சர்க்கரை இல்லாதது' என்றால் 0.5 கிராமுக்குள். பிரவுன் பிரட்டின் நிறத்தையும் நம்பாதீர்கள், சேர்மானத்தில் ஐ.என்.எஸ். 150 என்று ஏதாவது இருந்தால் அந்த நிறம் கேரமல் சாயம் தந்தது. முழுக் கோதுமை மாவு எத்தனை சதவீதம் என்று அடைப்புக்குள் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து வாங்குங்கள்.

எங்கே கோடு கிழிப்பது என்று கேட்பவர்களுக்கு அயர்லாந்து வழக்கு பயன்படும். அங்கே 1972-ஆம் ஆண்டு வரிச் சட்டத்தில் பிரட் என்று வரிவிலக்கு பெற, சர்க்கரை மாவின் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சப்வே கடைகளின் சாண்ட்விச் ரொட்டியில் அது 10 சதவீதம் இருந்ததால் வரிச் சலுகைக்கு அது பிரட் ஆகாது என்று 2020-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வரிக்கான கோடுதான் அது, உடல்நலத்துக்கு வகுத்தது இல்லை. ஆனாலும் அன்றாட பிரட்டுக்கும் இனிப்புப் பண்டத்துக்கும் நடுவே 2 சதவீதம் என்பது நல்ல எல்லை என்றுதான் நான் சொல்வேன்.

ஞாயிறு_அடுப்பு:

எல்லோருக்கும் நன்றி. மேலும் மூன்று சந்தேகங்கள். சர்க்கரைக்குப் பதில் தேன் அல்லது நாட்டுச் சர்க்கரை போட்டால் பரவாயில்லையா? ஸ்டீவியா? முழுக் கோதுமை மாவில் செய்தால் இதே அளவுகள் ஒத்துவருமா?

மாவும்_உப்பும்:

தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரை, அதில் பெரும்பகுதி குளுக்கோஸும் பிரக்டோஸும்தான். நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் பெரும்பகுதி சுக்ரோஸ், வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதேதான். உடலுக்கும் ஈஸ்டுக்கும் இவை சர்க்கரையே. வாசனைக்காகப் போடலாம், சர்க்கரையைத் தவிர்த்ததாகக் கணக்கில் எழுத முடியாது. ஸ்டீவியா இனிக்கும், அவ்வளவுதான். ஈஸ்டுக்குத் தீனியும் ஆகாது, நிறமும் தராது, ஈரமும் பிடிக்காது. தினசரி பிரட்டில் இனிப்பே வேண்டாம் எனும்போது அதைப் போட்டு என்ன பயன்?

கோதுமை மாவு வேறு ரகம். சக்கியில் (கல் எந்திரத்தில்) அரைக்கும்போது ஸ்டார்ச் நிறைய உடைகிறது. உடைந்த ஸ்டார்ச் தண்ணீரை அதிகம் குடிக்கும், மால்டோஸும் அதிகம் தரும். அதனால் சர்க்கரை இல்லாமலே ஆட்டா பிரட் நன்றாகச் சிவக்கும்; மைதாவில் வரும் வெளுப்புப் பிரச்சினை இங்கே குறைவு. தண்ணீரை 70 முதல் 78 சதவீதம் வரை கூட்டுங்கள், பிசைவதற்கு முன் மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து 30 நிமிடம் ஊறவிடுங்கள். தவிடு ஊறாமல் பிசைந்தால் அதன் முனைகள் மாவின் சவ்வைக் கிழிக்கும். முதல் முறை பாதி மைதா, பாதி ஆட்டா என்று தொடங்கினால் கை பழகும்.

மைதாவிலேயே நிறம் இன்னும் வேண்டுமென்றால் முளைகட்டிய கேழ்வரகு மாவு இருக்கிறது. வெளிநாட்டுச் செய்முறைகளில் பார்லி மால்ட் பொடி என்று வருமே, அது செய்யும் வேலையை இது செய்யும். முளைவிட்ட கேழ்வரகில் அமிலேஸ் ஏராளம். நம் கோதுமை வறண்ட கோடையில் அறுவடையாவதால் மைதாவில் இந்த நொதி குறைவாகவே இருக்கும், அந்தக் குறையை இது ஈடுகட்டும். கேழ்வரகை 12 மணி நேரம் ஊறவைத்து, துணியில் கட்டி இரண்டு நாள் முளைக்கவிட்டு, வெயிலில் உலர்த்தி, வேரைத் தேய்த்து நீக்கிவிட்டு அரையுங்கள். வறுக்கவே கூடாது, வறுத்தால் நொதி செத்துவிடும். கடையில் கிடைக்கும் கேழ்வரகு மால்ட் இதற்கு உதவாது, அது வறுத்தது. பலவற்றில் சர்க்கரையும் கலந்திருக்கும். 500 கிராம் மைதாவுக்கு இரண்டரை கிராம், ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு. அதற்கு மேல் போட்டால் மாவு கையில் ஒட்டும், பிரட்டின் உள்பாகம் வேகாதது போல் பிசுபிசுக்கும், கத்தியில் ஒட்டிக்கொண்டு வரும். ஆட்டாவில் இதைச் சேர்க்காதீர்கள்.

பேக்கரி_மேசை:

கேழ்வரகு மாவு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டில் முளைகட்டிய மாவின் வீரியம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு தடவை ஒன்றும் செய்யாது, அடுத்த தடவை உள்ளே களியாக்கிவிடும். புதிதாகச் செய்பவருக்கு ஏன் அந்தத் தொல்லை? 500 கிராம் மாவுக்கு 5 கிராம் சர்க்கரை, அதாவது 1 சதவீதம் போடுங்கள். அதை ஈஸ்டே தின்று தீர்த்துவிடும், மாவில் பிறக்கும் மால்டோஸ் நிறத்துக்கு மிஞ்சும். சாப்பிடுபவர் வாய்க்கு அந்தச் சர்க்கரையில் ஏறக்குறைய எதுவும் போகாது.

மாவும்_உப்பும்:

அதுவும் சரியான வழிதான், உப்பல் நேரம் தவறாத வரை. ஆனால் சர்க்கரை டப்பாவே எடுக்க வேண்டாம் என்று கேட்டதால் சொன்னேன். பால் சேர்த்து, சூட்டைச் சரி செய்தாலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். கேழ்வரகு அதற்கும் பிறகுதான்.

போறணைச்சூடு:

யாழ்ப்பாணத்துப் பக்கம் இருந்து ஒரு குறிப்பு. இங்கே நாளாந்தம் வாங்கிற றோஸ் பாணில் (பாண் என்றால் பிரட்) சீனி மிகக் குறைவு, பாலும் இல்லை. ஆனாலும் மேற்பக்கம் கடும் மண்ணிறமாகத்தான் வரும். காரணம் போறணை, அதாவது பேக்கரி அடுப்பு. விறகு எரிச்ச போறணையின்ரை செங்கல் தரையும் வளைவும் 230, 250 பாகை வரைக்கும் சூட்டைப் பிடிச்சு வைச்சிருக்கும். பாணை வைச்ச உடனே நாலு பக்கத்தாலும் சூடு ஏறும், மாவில் இருந்து வரும் ஆவியும் வெளியே போகாமல் உள்ளேயே நிற்கும். அந்த ஆவி முதல் பத்து நிமிடமும் மேல் தோலை ஈரமாக வைச்சிருக்கிறதால் தோல் தடிக்காது. பணிசுக்கு (பன்னுக்கு) பிசைஞ்ச சீனி மாவை அதே சூட்டில் வைச்சால் உள்ளே வேக முன்னமே மேலே கருகிப்போகும். அதனாலேதான் பாண் முதலில், போறணை கொஞ்சம் ஆறின பிறகு பணிஸ்.

வீட்டு ஓவனில் இதைச் செய்யலாம். அடித்தட்டில் ஒரு கனமான இரும்புத் தட்டை வைச்சு ஓவனோடு சேர்த்துச் சூடாக்குங்கோ. பாண் டின்னை உள்ளே வைக்கிற நேரம் அந்தத் தட்டில் அரைக் கோப்பை கொதிதண்ணீர் ஊற்றி உடனே கதவை மூடுங்கோ. கண்ணாடிக் கதவில் தண்ணீர் தெறிச்சால் வெடிக்கும், கதவின் மேல் ஒரு துணி விரிச்சுக்கொண்டு ஊற்றுங்கோ. பத்து நிமிடம் கழிச்சுத் தட்டை வெளியே எடுத்தால் மிச்ச நேரத்தில் நிறம் பிடிக்கும்.

லேபிள்_வாசகர்:

கேட்டவர் சர்க்கரை நோய்க்காகச் செய்வதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரட்டில் சேர்த்த சர்க்கரையை எடுப்பது நல்லது, ஆனால் அதோடு இரத்தச் சர்க்கரைப் பிரச்சினை தீர்ந்துவிடாது. 30 கிராம் வெள்ளைப் பிரட் துண்டு ஒன்றில் சேர்த்த சர்க்கரை 1 கிராம் என்றால், மாவுச்சத்து ஏறக்குறைய 15 கிராம். அந்த மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகத்தான் மாறும், அதுவும் வேகமாக. வெள்ளைப் பிரட்டின் கிளைசெமிக் குறியீடு (உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்ற அளவு) 70-க்கு மேல். சாதாரணச் சர்க்கரையுடையது 65-ஐ ஒட்டித்தான். சர்க்கரை போடாத மைதா பிரட் என்று தைரியமாக நான்கு துண்டு சாப்பிட்டால், சர்க்கரை போட்டது இரண்டு துண்டைவிட அதுதான் அதிகம் ஏற்றும்.

ஆகவே துண்டை மெல்லியதாக வெட்டுங்கள், எண்ணிக்கையை நிர்ணயித்துக்கொள்ளுங்கள். கூடவே முட்டை, சுண்டல், காய்கறி இருந்தால் ஏற்றம் நிதானப்படும். மாவில் 10 முதல் 15 சதவீதம் கடலை மாவு மாற்றிப் போடலாம். புரதம் கூடும், நிறமும் நன்றாக வரும். 15-ஐத் தாண்டினால் பிரட் எழும்பாது, பச்சை வாசமும் வரும். மாவை ஃபிரிட்ஜில் இரவு முழுக்கப் புளிக்கவிடுவது சுவைக்கு மிக நல்லது, ஈஸ்டை 2 கிராமாகக் குறைத்து 12 முதல் 16 மணி நேரம் வைக்கலாம். எந்தப் பிரட் அவருக்கு ஒத்துக்கொள்கிறது என்பதை வீட்டுக் குளுக்கோமீட்டரில் சாப்பிடும் முன்பும், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்தால் எந்த லேபிளைவிடவும் தெளிவாகத் தெரியும். அந்த எண்களை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன வரம்பு, தனிச் சர்க்கரை (சேர்த்த சர்க்கரையும், தேன், பழச்சாறு போன்றவற்றில் இருப்பதும்) ஒரு நாள் ஆற்றலில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள். 2000 கலோரி உண்பவருக்கு இது 50 கிராம், 25 கிராம். இரண்டு துண்டு சாண்ட்விச் பிரட் தருவது 2 கிராம். மேலே ஒரு டேபிள்ஸ்பூன் ஜாம் தடவினால் 12, 13 கிராம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிரட்டில் சர்க்கரையைக் குறைக்க எடுக்கும் அக்கறையில் பாதி அதன் மேல் தடவுவதில் இருக்கட்டும்.

ஞாயிறு_அடுப்பு:

ஜாம் கிடையாது, முட்டைதான். ஈஸ்ட் 3 கிராம், பால் கூழ், 220 டிகிரி என்று மாற்றிச் செய்கிறேன். இரண்டு லோஃப் வரும் என்கிறீர்கள், ஒன்றை எப்படி வைப்பது? ஃபிரிட்ஜில் வைத்தால் போதுமா?

மாவும்_உப்பும்:

ஃபிரிட்ஜ் வேண்டாம். நான்கு டிகிரி குளிரில்தான் ஸ்டார்ச் மிக வேகமாக இறுகும், சர்க்கரை இல்லாத பிரட்டில் அது இன்னும் சீக்கிரம் தெரியும். வெந்ததும் டின்னிலிருந்து உடனே எடுத்துக் கம்பித் தட்டில் இரண்டு மணி நேரம் முழுதாக ஆறவிடுங்கள். சூட்டோடு பையில் போட்டால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஆறியதும் ஒரு லோஃபைத் துணியில் சுற்றி வெளியே வையுங்கள், கோடையில் இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். இன்னொன்றை அன்றே துண்டு போட்டு, காற்றுப் புகாத பையில் ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டும்போது வேண்டிய துண்டை மட்டும் எடுத்து, உருகக் காத்திருக்காமல் நேராகத் தோசைக்கல்லில் மிதமான தீயில் போட்டுத் திருப்பினால் போதும், இறுகிய ஸ்டார்ச் சூட்டில் மறுபடி இளகிவிடும்.